பழைய பிரெஞ்சுப் பானையில் ஊறுகாய் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழின் வீட்டலங்காரப் பக்கத்தில் பழைய பிரெஞ்சு நாட்டுப்புற மண்பாண்டங்களைச் சமையலறையில் வைப்பது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. படங்கள் அருமை. யோசனைகளிலும் பாதி சரியானவை. ஆனால் மஞ்சள் மெருகிட்ட அந்தப் பெரிய பானைகளில் எலுமிச்சை ஊறுகாயும் காய்கறி அச்சாரும் போட்டு வைக்கலாம் என்ற ஒரு வரி ஆபத்தானது. நம் மொரிஷியஸ் தீவின் புரோகாந்த் எனப்படும் பழம்பொருள் கடைகளில் இத்தகைய பானைகள் கிடைக்கின்றன, வாங்குகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறோம்.

படத்தில் இருந்தது தென்மேற்குப் பிரான்சின் கோன்ஃபி பானை. வாத்துத் தொடையை உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மெல்லிய சூட்டில் வேகவைத்து, பானையில் அடுக்கி, உருக்கிய கொழுப்பை மேலே ஊற்றி மூடிவிடுவார்கள். கொழுப்பு உறைந்து காற்றைத் தடுக்கும். குளிர்காலம் முழுவதும் கறி கெடாது. பானையின் உட்புறம் முழுக்க மெருகு இருக்கும், இல்லையென்றால் கொழுப்பு மண்ணில் ஊறிக் கசிந்துவிடும். வெளியே மேல்பாதிக்கு மட்டும்தான் மெருகு. கீழ்ப்பாதியை நிலவறை மண்ணில் புதைத்துக் குளிர்ச்சியாக வைப்பார்கள், புதைகிற பாகத்துக்கு விலை கொடுத்து வாங்கிய மெருகை ஏன் வீணடிக்க வேண்டும்? கழுத்தருகே இரண்டு காதுகள், வாய் அகலம், வயிறு சற்றே பருத்தது. ஆக, அதற்குள் போனவை கொழுப்பும் உப்பும் மட்டுமே. புளிப்பு எதுவும் போனதில்லை.

இனி மெருகு. பிரான்சின் தென்பகுதிக் குயவர்கள் கலேனா என்ற காரீயத் தாதுவை அரைத்துப் பாண்டத்தின் மேல் பூசினார்கள். சூளையில் ஏறக்குறைய 900 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது களிமண்ணில் உள்ள சிலிக்காவோடு உருகிச் சேர்ந்து கண்ணாடிப் படலமாகும். செம்மண் உடலின் மேல் நேராகப் பூசினால் தேன் நிறம் வரும். முதலில் வெள்ளைக் களிமண் கரைசலில் முக்கி, பிறகு பூசினால் மஞ்சள். செம்புத் துகள் சேர்த்தால் பச்சை. மூன்றுக்கும் அடிப்படை காரீயம்தான். விறகுச் சூளையில் எல்லா மூலைக்கும் ஒரே சூடு கிடைக்காது, சூடு குறைந்த மூலையில் வெந்த பானையில் காரீயம் கண்ணாடிக்குள் முழுமையாகக் கட்டுப்படாமல் நிற்கும். கண்ணால் பார்த்து அந்தப் பானை எது என்று சொல்ல முடியாது. பச்சையில் இன்னொரு கேடும் உண்டு. செம்பு சேர்ந்த காரீய மெருகு அமிலத்துக்கு எளிதில் விட்டுக்கொடுக்கும். கடையில் எல்லோர் கண்ணையும் இழுக்கிற தென்பிரான்சின் சென்-ழான்-த-ஃபோஸ் ஊர்ப் பச்சைக் குடங்களும் ஜாடிகளும் சமையலுக்கு மிகவும் ஆகாதவை என்பது வருத்தமான உண்மை.

வினிகர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், மாங்காய், தயிர், தக்காளி எல்லாமே இந்த மெருகிலிருந்து காரீயத்தைக் கரைத்தெடுக்கும். வினிகரும் காரீயமும் சேர்ந்து உண்டாகும் உப்புக்கு இனிப்புச் சுவை, அதனால் நாக்கு எச்சரிக்காது. மணத்திலும் நிறத்திலும் வித்தியாசம் தெரியாது. உடலில் சேர்ந்த காரீயம் எலும்பில் போய்த் தங்கும். வளரும் குழந்தையின் மூளைக்கும் கருவுற்றிருக்கும் பெண்ணுக்கும் அது மிகவும் கேடு. இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலை. நம் வீடுகளில் ரசத்துக்கு வைக்கும் ஈயச்சொம்பை யாராவது எடுத்துக்காட்டினால், அது வெள்ளீயம், வேறு உலோகம், அந்த வாதம் இங்கே செல்லாது.

ஐரோப்பாவில் 1984ஆம் ஆண்டு வந்த விதி ஒன்றைப் பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும். பீங்கான், மண் பாத்திரங்களில் 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை, அதாவது ஏறக்குறைய வினிகரை, ஊற்றி, 22 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, அந்த நீரில் எவ்வளவு காரீயம் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். சாதாரணக் குழிவான பாத்திரத்துக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் எல்லை. 3 லிட்டருக்கு மேற்பட்ட சேமிப்புப் பாத்திரங்களுக்கும் சமைக்கும் பாத்திரங்களுக்கும் 1.5 மில்லிகிராம்தான். சேமிப்பு ஜாடியில் உணவு நெடுநாள் கிடக்கும் என்பதால் அதற்குக் கண்டிப்பு அதிகம். சோதனைக்கு ஒரே ஒரு நாள். நம் அச்சார் அதே வினிகரில், உப்போடு, போர்ட் லூயிஸ் வெயில் காலத்தில் வாரக்கணக்கில் ஊறும். நூறு வருடத்துக்கு முன் கிராமத்துச் சூளையில் வெந்த பானை எந்தச் சோதனையையும் சந்தித்ததில்லை.

நன்றாகக் கழுவினால் போய்விடாதா, ஒருமுறை வினிகர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் மேலே இருப்பதெல்லாம் இறங்கிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. காரீயம் மெருகு முழுவதிலும் கலந்திருக்கிறது, மேலே ஒட்டியிருக்கும் அழுக்கு அல்ல. அமிலம் பட்ட மெருகு மங்கிச் சொரசொரப்பாகும், அதற்குப் பிறகும் காரீயம் இறங்கிக்கொண்டே இருக்கும். மயிரிழை வெடிப்பு ஓடிய பானை என்றால் இன்னும் மோசம். வெடிப்பு வழியே புளிப்பு மண் உடலுக்குள் இறங்கி, மெருகின் அடிப்பக்கத்தையும் தின்னும்.

கடைகளில் கிடைக்கும் காரீயச் சோதனைக் குச்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். மெருகைச் சோப்பு நீரில் துடைத்துக் காயவைத்து, குச்சியை மூளியான விளிம்பிலோ தேய்ந்த இடத்திலோ அரை நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும். பஞ்சு இளஞ்சிவப்போ சிவப்போ ஆனால் காரீயம் உண்டு, அத்தோடு முடிந்தது. நிறம் மாறவில்லை என்பதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. கண்ணாடிக்குள் அடைபட்டிருக்கும் காரீயம் அரை நிமிடத் தேய்ப்பில் வெளியே வராது, ஒரு மாத அச்சாரில் வரும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மேலே சொன்ன 24 மணி நேர அமில நீரை ஆய்வகத்தில் கொடுத்து அளப்பதுதான் வழி. அதற்கு ஆகும் செலவில் புதிய ஜாடி வாங்கிவிடலாம்.

அப்படியானால் பிரெஞ்சுக்காரர்கள் வினிகரை எதில் வைத்தார்கள்? க்ரே என்று அவர்கள் சொல்லும் கல்மண் பாண்டத்தில். நாம் ஊறுகாய்க்கு வைத்திருக்கும் பீங்கான் ஜாடியும் இந்த இனம்தான். 1,200 டிகிரிக்கு மேல் வெந்த இந்த உடல் கல்லைப்போல் இறுகி, மெருகே இல்லாவிட்டாலும் நீரை உறிஞ்சாது. சூளை அந்தச் சூட்டை எட்டியதும் உப்பை உள்ளே எறிவார்கள். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு கூடி மெல்லிய படலமாகப் படியும். தொட்டுப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல்போல் சிறு புள்ளிகள் தட்டுப்படும். இந்த உப்பு மெருகில் காரீயத்துக்கு வேலை இல்லை. நார்மண்டியின் நோரோன், பர்கண்டிப் பக்கத்துப் புயிசே, பெரி நாட்டு லா போர்ன், அல்சாஸில் சாம்பல் உடலில் நீலம் தீட்டும் பெட்ஷ்டோர்ஃப் ஆகியவை கல்மண்ணுக்குப் பேர் போன ஊர்கள். நார்மண்டி ஜாடிகளில் உப்பிட்ட வெண்ணெய் போனது, புயிசே தொட்டிகளில் உப்பிட்ட பன்றிக்கறி. டிக்வான் என்ற ஊரின் ஆலையில் அச்சிட்ட முத்திரையோடு வந்த கடுகு, வெள்ளரிக்காய், வினிகர் ஜாடிகள் பிற்காலத்தவை. அவை இன்றும் நிறையக் கிடைக்கும், விலையும் கடிக்காது. சமையலறைப் பயனுக்கு என்றே வாங்குகிறவருக்கு நாங்கள் சொல்வது இவற்றைத்தான். பார்வைக்குப் பழுப்பும் சாம்பலும்தான், மஞ்சள் பானையின் கவர்ச்சி இருக்காது.

கடையிலேயே இரண்டையும் பிரித்தறிய முடியும். பானையைக் கவிழ்த்து, மெருகு படாத அடிப்பாகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே மறைந்து கறை தெரிந்தால் சாதாரணச் சுட்டமண், கடைக்காரர் தேர் வெர்னிசே என்பார். சொட்டு அப்படியே உருண்டு நின்றால் கல்மண். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், கல்மண் கணீரென்று பேசும், சுட்டமண் மந்தமாக. கல்மண்ணும் மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் ஓடியிருக்கிறது. சில கல்மண் ஜாடிகளில் உள்ளே பளபளப்பான வேறு மெருகு இருக்கும். அது என்னவென்று தெரியாதவரை உப்பு மெருகுக்குக் கொடுக்கும் நம்பிக்கையை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

வினிகர் ஜாடிக்கு அடியில் ஒரு துளையும் மரக்குழாயும் இருக்கும். வாங்கி வந்து நீர் நிரப்பினால் ஒழுகுகிறது என்று கவலைப்பட வேண்டாம், மரம் வற்றியிருக்கிறது. குழாயைக் கழற்றி ஒரு நாள் நீரில் போட்டால் ஊதிப் பொருந்தும். பித்தளைக் குழாய் மாட்டியிருந்தால் மட்டும் கழற்றி எறிந்துவிட்டு மரத்தாலோ கார்க்காலோ அடையுங்கள்.

காரீய மெருகுப் பானையைச் சமையலறையில் வைக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கரண்டிகளை நிறுத்தலாம், ஆனால் கரண்டியின் பிடி கீழே, வாய் மேலே. தோலோடு வெங்காயம், பூண்டு போடலாம். பருப்பு, காய்ந்த மிளகாய், மல்லி போன்றவை என்றால் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, பாட்டிலைப் பானைக்குள் இறக்குங்கள். நேராகக் கொட்டினால், விளிம்பிலிருந்து உதிரும் மெருகுச் சில்லு பருப்போடு கலந்துவிடும், அது கண்ணுக்கும் தெரியாது. பரின் (மாவு), சுக்ர் (சர்க்கரை), கஃபே (காப்பி), தே (தேயிலை) என்று எழுதி உயர வரிசையில் வரும் ஃபயான்ஸ் எனப்படும் வெள்ளை மண்பாண்ட டப்பாக்களுக்கும் இதே விதி. அவற்றின் மெருகிலும் காரீயம் இருக்கலாம். மூடியும் தளர்ச்சி, நம் ஈரக்காற்றில் சர்க்கரை கட்டிபிடிக்கும், மாவில் வண்டு விழும். உள்ளே பாக்கெட்டோடு வையுங்கள்.

இனி, இந்தத் தீவில் இந்தப் பானைகளுக்கு வருகிற நோய். ஐரோப்பாவில் எழுதப்பட்ட பராமரிப்புக் குறிப்புகளை நம்பினால் இது பிடிபடாது. கோன்ஃபி பானையும் சுட்டமண்ணாலான உப்புத்தொட்டியும் பல்லாண்டுகள் உப்பைக் குடித்தவை. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரைந்து நீராகும், அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். நம் கடலோர ஊர்களில் ஒரே நாளில் இந்த எல்லைக்கு மேலும் கீழும் போய்வருவது சகஜம். ஒவ்வொரு முறையும் படிகம் வளரும்போது மெருகை உள்ளிருந்து தள்ளும். முதலில் அடிப்பாதியில் சுவரில் உப்புப் பூத்ததுபோல் வெண்பொடி. பிறகு மெருகும் மண்ணும் சேருமிடத்தில் செதில் எழும்பும். பின்பு நகத்தளவு துண்டுகளாக உதிரும். வெண்பொடியைத் துணியால் துடைத்துவிட்டுத் திருப்திப்படுபவர்கள் அடுத்த மழைக்குப் பிறகு அதே பொடியைப் பார்ப்பார்கள்.

உப்பை நீரில்தான் இறக்க வேண்டும். அதற்கு முன் மூன்றைப் பாருங்கள். மெருகு ஏற்கெனவே செதிலாக எழும்பியிருந்தால் ஊறவைக்காதீர்கள், நீரில் கழன்று வந்துவிடும். உடைந்து ஒட்டிய பானை என்றால் பழைய பசையும் பிளாஸ்டரும் கரையும். பிரான்சில் ஊர் ஊராகப் போய் உடைந்த பாண்டத்தில் இரும்புக் கொக்கி அடித்துத் தைத்துக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அப்படித் தைத்த பானை ஊறினால் கொக்கி துருப்பிடித்து மண்ணில் கறை இறங்கும். இந்த மூன்றில் எதுவும் இல்லையென்றால், பானை முழுதும் முங்கும் அளவு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மூன்று விரற்கடை உயர்ந்தால் போதும். மண்ணிலுள்ள காற்று மேல்வழியாக வெளியேற நேரம் வேண்டும், திடீரென்று மூழ்கடித்தால் குமிழ் மெருகைத் தூக்கும். முதல் வாரம் தினமும் நீரை மாற்றுங்கள், பிறகு இரண்டு மூன்று நாளுக்கொருமுறை. கடைசி இரண்டு முறை பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் நல்லது. மழை மிகுந்த மேட்டுநில ஊரான கியூர்பிப்காரர்களுக்கு வானமே அதைக் கொடுக்கும்.

எப்போது நிறுத்துவது? குடிநீரின் உப்பளவைக் காட்டும் மலிவான மின்மானி ஒன்று போதும். புது நீரின் அளவையும், அதில் பானை 24 மணி நேரம் கிடந்த பிறகு வரும் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றானால் உப்பு இறங்கிவிட்டது. மானி இல்லாதவர்கள் இரண்டு நீரிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்துக் கண்ணாடித் தட்டில் காயவிட்டு, படியும் வெண்தடத்தை ஒப்பிடலாம். தடிமனான தொட்டிக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆவதும் உண்டு. அவசரப்பட்டுப் பாதியில் எடுத்தால் மிச்ச உப்பு முழுவதும் காயும்போது மேற்பரப்புக்கு வந்துசேரும், ஊறவைக்காமலே விட்டிருக்கலாம் என்றாகிவிடும். காயவைப்பது நிழலில், கவிழ்த்து, மரச்சட்டங்களின் மேல். வெயிலில் வைத்தால் மேற்பரப்பு முந்திக் காய்ந்து வெடிக்கும். மூன்று வாரமாவது பொறுங்கள், குளிர்மாதங்களில் மேட்டுநில ஊர்களில் மின்விசிறியின் துணை தேவைப்படும், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஊறிய கொழுப்பின் சிக்கு வாடை இன்னொரு தொல்லை. மெருகில்லாத கீழ்ப்பாதியில் மஞ்சளும் கருப்புமாகக் கறை தெரியும். தேர் த சொமியேர் என்ற பெயரில் எண்ணெய்க்கறை எடுக்கும் களிமண் பொடி கிடைக்கிறது. பானை நன்றாகக் காய்ந்த பின் பொடியை விரலளவு கனத்துக்குக் கறையின் மேல் குவித்து, ஒரு நாள் விட்டுத் தூரிகையால் தட்டுங்கள். நாலைந்து முறை செய்தால் வாடை வெகுவாகக் குறையும், கறை முழுதும் போகாது. போக வேண்டியதும் இல்லை, அந்தக் கறைதான் பானை உண்மையாகவே வேலை செய்தது என்பதற்குச் சாட்சி. ப்ளீச் ஊற்றாதீர்கள், அது வெளுக்கவும் வெளுத்து, புதிதாக உப்பையும் உள்ளே விட்டுப்போகும். வினிகரால் துடைப்பது ஏன் கூடாது என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மெருகு விரைவில் ஒளியிழக்கும்.

வாங்கும்போது போலியும் வரும். பழைய பானையின் உள்சுவரில் குயவரின் விரல் தடம் வளையம் வளையமாக ஓடும். இரண்டு காதும் ஒரே அச்சாக இருக்காது. மெருகு வழிந்த கோடு ஓரிடத்தில் நீண்டும் ஓரிடத்தில் குறைந்தும் நிற்கும், பக்கத்துப் பானை ஒட்டிக்கொண்ட வடுவும் இருக்கலாம். அடிவிளிம்பின் தேய்மானக் கீறல்கள் எல்லாத் திசையிலும் போகும். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியதில் கீறல் ஒரே பக்கம் ஓடும். ஈரப்பஞ்சால் கீழ்ப்பாதியைத் துடைத்தால் நூறு வருட அழுக்கு வராது, போன வருடம் பூசிய பழுப்புச் சாயம் வந்துவிடும்.

அலமாரி விஷயத்தில் ஒன்றே ஒன்று. நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை சூறாவளிக் காலம். வாய் கனத்த, அடி சிறுத்த இந்தப் பானைகளை ஆள் உயரத்துக்கு மேல் வரிசையாக நிறுத்துவது படத்துக்கு நன்றாக இருக்கும், சன்னல் ஒன்று பெயர்ந்தால் அத்தனையும் தரையில். இடுப்பு உயரத்துக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் காய்ந்த ஆற்றுமணலைக் கட்டி உள்ளே இறக்கினால் எடை அடிக்கு வரும், லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. கடல்மணல் கூடாது, காரணம் மேலே சொன்ன அதே உப்பு. பலகைக்கும் பானைக்கும் நடுவில் மெல்லிய கார்க் துண்டு வைத்தால் மெருகில்லாத அடிப்பாகம் மூச்சுவிடும், மரத்திலும் ஈரவட்டம் விழாது.

ஏற்கெனவே மஞ்சள், பச்சைப் பானையில் ஊறுகாய் போட்டு வைத்திருப்பவர்கள் அதை வேறு ஜாடிக்கு மாற்றிப் பயனில்லை. குப்பையில் கொட்டுங்கள், நாய்க்கோ கோழிக்கோ போடாதீர்கள். அதைத் தொடர்ந்து சாப்பிட்ட வீட்டில் சிறு குழந்தையோ கருவுற்ற பெண்ணோ இருந்தால், மருத்துவரிடம் பானையைப் பற்றிச் சொல்லி, இரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய பாண்டங்களைச் சீர்செய்யும் பட்டறையினர்,
ரோஸ்ஹில், மொரிஷியஸ்.